வாசலில் போக்குவரத்து

கணேசமூர்த்தி அண்ணனுக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, நான் ஏதோ மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் தோட்டத்து லய வரிசையில் கோடி வீடு அவருடையது, அடுத்தது என்னுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் என் வீட்டுத் தட்டு ஆடும். கோலா சாவாவிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே வந்தால் முதலில் வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கும் புதுக் கட்டடம், அப்புறம் மாரியம்மன் கோயில், அதற்கும் பின்னால் மிச்சம் மீதியாக நாங்கள். என்னிடம் ஒரு சின்ன லோரி இருக்கிறது. யாருக்கு எதை ஏற்ற வேண்டுமானாலும் "டேய் ரவி" என்று ஒரு சத்தம் போதும். ரவிச்சந்திரன் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட இந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் வாய் வராது.

அண்ணன் ஒரு காலத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். இடுப்பு போன பிறகு வெளியே ஒரு தொழிற்சாலையில் ராத்திரிக் காவல், ஜாகா வேலை. கடைசியாக நின்ற ரப்பர் பால்மரங்களை அறுத்துத் தள்ளியபோது ஒரு மரத்துக்குள் கெலுலுட் குடியிருந்தது. கொடுக்கு இல்லாத சின்னக் கறுப்புத் தேனீ. கொட்டாது. கோபம் வந்தால் தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும், காதுக்குள் போகப் பார்க்கும், அவ்வளவுதான். அண்ணன் அந்தத் தண்டை மட்டும் கேட்டு வாங்கி, என் லோரியில் ஏற்றி வந்து, வீட்டுப் பின்புறம் இரும்புக் கால் ஒன்றில் நிறுத்தினார். அன்றிலிருந்து தோட்டத்தில் பெரிய தேனீ நிபுணர் அவர்தான்.

கொண்டுவந்தது அவர். பார்த்துக்கொண்டது அவர் மனைவி திலகா அக்கா. நாற்றுமேடையில் காலை முழுக்கப் பைகளுக்கு மண் நிரப்பிவிட்டு வந்து, முதுகைக்கூட நிமிர்த்தாமல் நேரே கட்டையிடம்தான் போகும். எறும்பு ஏறாமல் இரும்புக் காலுக்குக் கருப்பெண்ணெய் தடவும். மழைச் சாரல் அடிக்காமல் தகரத்தைச் சரித்து வைக்கும். வேலியில் கொடிப்பூவைப் படரவிட்டதும், பெலிம்பிங் புளிக்காய் மரத்தை வெட்டாமல் விட்டதும் இந்தப் பூச்சிகளுக்காகத்தான். தேனெடுக்கும் நாளில் கட்டையின் தலையில் பொருத்திய மேல்பெட்டியைத் திறந்து, திராட்சைக் குலைபோல் ஒட்டிக்கிடக்கும் மெழுகுக் குடங்களை ஒவ்வொன்றாகக் குத்தி, சின்னப் பம்பை வைத்து உறிஞ்சும். எனக்கும் ஒரு கிளாஸ் வரும். புளிக்கும், இனிக்கும், கடைசியில் லேசாகக் கசக்கும்.

"முட்டைப் பக்கம் கை வைக்கக் கூடாது தம்பி" என்று சொல்லும் அக்கா. "அங்கதான் தாய் கெடக்கும். அதுக்கு வயிறு பெருத்துருச்சு, பறக்க முடியாது. சாவுற வரைக்கும் இந்தக் கட்டைதான்."

"அப்ப புதுசா குடும்பம் எப்படிக்கா உண்டாகும்?"

"மகதான் போகும். சும்மா போகுமா? தாய் வீட்டுப் பூச்சிங்க முன்னாலயே போயி, பிசினு மெழுகு எல்லாம் தூக்கிட்டுப் போயி வாசல் கட்டி, தேன் ஊத்தி வச்சிட்டு வரும். வாரக்கணக்கா நடக்கும். எல்லாம் ரெடியான பெறகுதான் மகாராணி கெளம்புவாங்க." அக்கா சிரித்தது. "நம்மள மாதிரிதான், சீர் வச்சு அனுப்புதுங்க."

அப்போது ஷாமினிக்கு நிச்சயம் ஆகியிருக்கவில்லை. அக்கா அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவும் இல்லை.

ஷாமினி ஒரே மகள். சிரம்பானில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை தேவன், பகாவ். அப்பா தர்மராஜ், அம்மா குமுதவல்லி. வீடு பார்க்கப் போனபோதும் என் லோரிக்குப் பின்னால்தான் எல்லாரும் காரில் வந்தார்கள், வழி தெரியாது என்று. முனை வீடு. வாசலில் இரண்டு கார், உள்ளே ஆள் வருவதும் போவதுமாக இருந்தது. மீகூன், கோழிப் பிரட்டல், வடை, கேக் என்று மேசை நிறைந்திருந்தது. திரும்பும்போது அண்ணனுக்குக் கால் தரையில் இல்லை.

"பாத்தியாடா ரவி? வாசல பாத்தாலே குடும்பம் தெரிஞ்சிரும். என்னா போக்குவரத்து!"

நிச்சயத்தன்று தர்மராஜ் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கையில் தேன் கிளாஸைப் பிடித்தபடி கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பகாவ்ல இப்ப எல்லாரும் கெலுலுட்டு வளக்கிறாங்க லா. எனக்கும் ஆசைதான். நல்ல குடும்பமா அமைய மாட்டேங்குது" என்றார். அவர் பாட்டுக்குச் சொன்னார். நம்ம ஆள் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா?

"உங்களுக்கு இல்லாததா சம்பந்தி! எம் மக வரும்போது ஒரு பொட்டி கெலுலுட்டும் சீரா வரும். நான் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க!"

பந்தலில் கை தட்டினார்கள். குமுதவல்லி, "நாங்க வாய் தொறந்து எதுவும் கேக்கல, அவங்களா குடுக்கறாங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டது. திலகா அக்கா மட்டும் கையில் தாம்பாளத்தோடு அப்படியே நின்றது. கல்யாணம் தை மாதம். அப்போதே ஐப்பசி முடியப் போகிறது, மழைக்காலம். மழையில் பூவும் இல்லை, பூச்சியும் வெளியே வராது.

அண்ணன் ஒரு பெட்டி செய்து கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே பழைய மெழுகைப் பூசினார். அதிசயம்தான், கொஞ்ச நாளில் பூச்சிகள் அதில் போக ஆரம்பித்தன. பெட்டித் துளையில் பிசினால் ஒரு குழல் வளர்ந்தது. மார்கழி முடிவதற்குள் குழல் விரல் நீளம் வந்து, ஊதல் வாய்போல விரிந்து, வாயைச் சுற்றிக் காவல் பூச்சிகள் வட்டமாக நின்றன. அண்ணன் ஜாகா வேலையிலிருந்து வந்ததும் பால் ஊற்றாத தே ஓ கப்போடு அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். வருகிறவன் போகிறவனையெல்லாம் இழுத்துக் காட்டுவார்.

"அவசரப்படாதீங்க" என்றது அக்கா. அடுப்பில் நெத்திலி சம்பல் வதங்கிக்கொண்டிருந்தது, நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் மக வரல. மக வந்தா ஆம்பளப் பூச்சிங்க வாசல்ல கூட்டமா வந்து நிக்கும், சாயங்காலம் கொடியில வரிசையா தொங்கும். நான் பாக்கவே இல்ல."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. வாசல பாரு! ஆளு இல்லாத வீட்டுக்கா இவ்வளவு போக்குவரத்து?"

"அது எல்லாம் கட்டையில உள்ளதுங்க. சாமான் எறக்கி வச்சிட்டுப் போவுதுங்க."

"நல்ல காரியத்துல குறுக்க பேசுறதே ஒனக்கு வேலையா போச்சு. பந்தல்ல நாலு பேரு முன்னால சொல்லிட்டேன். மானம் போறதா?"

சம்பல் தீய்ந்தது. அதற்கும் அக்காதான் திட்டு வாங்கியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டியை அடைக்க வேண்டும். அண்ணன் பந்தல்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டையில் காதை வைத்துக் கேட்டது, பிறகு பெட்டியில் காதை வைத்துக் கேட்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தது. நான் பக்கத்தில் லோரிக்குத் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் தெரிந்தது. ஓரத்தில் கொஞ்சம் தேன் குடங்கள், ஏதோ சில பூச்சிகள், நடுவில் வெறும் பலகை. முட்டை இல்லை. அக்கா மூடியை வைத்து, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தது. துளையில் துணியைத் திணித்தது. சமையலறைக் கதவில் மஞ்சள் பூசிய முகத்தோடு ஷாமினி நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் பெட்டிக்கு மாலை போட்டு, பழத்தட்டுகளோடு என் லோரியில் ஏற்றினார்கள்.

ஒரு மாதம் போகவில்லை. தர்மராஜ் பெட்டியைத் திறந்திருக்கிறார். தேன் குடங்களில் புழு, ஓரமெல்லாம் எறும்பு, குடும்பம் என்று ஒன்றும் இல்லை. அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லையாம். சொல்ல வேண்டியதையெல்லாம் குமுதவல்லி சொல்லிக்கொண்டது. வெறும் பெட்டிக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கோயிலில் சொன்னது. வீட்டுக்குள் வந்த சீர் பட்டுப்போச்சு, இனி என்ன விளங்கும் என்று கடையில் சொன்னது. பகாவில் எனக்குத் தெரிந்த மரக்கடைக்காரன் என்னிடமே கேட்டான், "அந்த வெறும்பொட்டி வீட்டு ஆளுங்களா நீங்க?" என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா ஒவ்வொரு முறை போன் பண்ணும்போதும் ஷாமினி, "நல்லாருக்கேம்மா" என்பாள். "மாப்பிள்ளை இருக்காராடி?" என்றால், "வேலைக்குப் போயிருக்காங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, தீபாவளிக்கு மறுநாளும் வேலை. தேவனுக்குத் தெமியாங்கில் ஒரு பெண்ணோடு குடித்தனம் இருக்கிறது என்று கல்யாணத்துக்கு முன்பே ஒரு பேச்சு அடிபட்டது. அக்காவின் சித்தி மகள் வந்து காதில் போட்டுவிட்டுத்தான் போனாள். அண்ணனிடம் சொன்னதற்கு, "பொறாமைல பேசுறாளுக" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அக்காவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த கார்த்திகை கடைசி நாள் காலையில் குமுதவல்லியின் போன் வந்தது. மழை விட்டு வெயில் அடித்த நாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கே கேட்டது.

"இங்க பாருங்க சம்பந்தி, வருசம் திரும்பறதுக்குள்ள குறைய நிவர்த்தி பண்ணணும்னு சாமி பாக்குறவங்க சொல்லிட்டாங்க. நாளைக்கு மார்கழி பொறக்குது, ஒண்ணும் வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாது. இன்னிக்குப் பத்தரைக்குள்ள நல்ல நேரம். உசுரோட உள்ளத கொண்டாந்து வைக்கிறதுன்னா வைங்க. இல்லன்னா ஒங்க பொண்ணு இங்க இருந்து என்ன பிரயோசனம், நீங்களே சொல்லுங்க."

போனை வைத்ததும் அக்கா கட்டையைத்தான் பார்த்தது.

"பகல்ல எடுக்கக் கூடாதுங்க" என்றது, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல். "பாதிப் பூச்சி வெளிய மேயப் போயிருக்கு. சாயங்காலம் எல்லாம் அடைஞ்ச பெறகு மூடித்தான் எடுக்கணும்."

"நல்ல நேரத்துல போறதுதான் முறை" என்றார் அண்ணன். ராத்திரி வேலை முடிந்து வந்த கண், சிவந்திருந்தது. "பூச்சிக்காக மக வாழ்க்கைய கெடுத்துக்குவியா? தூக்குங்க. நான் வர மாட்டேன். அந்தப் பொம்பள மூஞ்சில எனக்கு முழிக்க வேணாம்."

வாய் நீளம் என்றேனே, இப்படி வேண்டிய இடத்தில் எல்லாம் சுருட்டிக்கொள்ளும்.

நானும் பக்கத்து லயத்துப் புனிதனும் சேர்ந்து கட்டையைத் தூக்கினோம். அக்கா கட்டையின் வாசல் குழலில் துணியை அடைத்தது. அடைத்துக்கொண்டிருக்கும்போதே காலில் மகரந்தமும் பிசினுமாகப் பூச்சிகள் வந்து, துணியில் முட்டி, எங்கள் கையில் உட்கார்ந்தன. "நில்லுங்க தம்பி, இன்னும் கொஞ்சம் உள்ள விட்டுக்குவோம்" என்று துணியை எடுக்கும். சில உள்ளே போகும், உள்ளே இருந்து அதைவிட அதிகம் வெளியே வரும். நேரம் ஓடியது. கடைசியில் அண்ணன் சத்தம் போட, நான் லோரியை எடுத்தேன்.

புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் அக்கா என்னை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தது. கட்டை ஆடினால் முட்டைகள் குலைந்துவிடுமாம். கோலா பிலாவில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டதே தவிர பிரிக்கவில்லை.

பகாவ் வீட்டு வாசலில் இப்போது ஒரு கார்தான் நின்றது. குமுதவல்லி ஆரத்தி எடுத்தது, எங்களுக்கு இல்லை, கட்டைக்கு. தர்மராஜ் நல்ல மனிதர் போலத்தான் பேசினார், "எதுக்குத் தாய்க் கட்டையவே கொண்டாந்தீங்க?" என்று ஒப்புக்குக் கேட்டார். பின்புறம் காங்கிரீட் தரையில் இறக்கி வைத்தோம். அக்கா துணியை எடுத்தது. பூச்சிகள் வெளியே வந்து, இடம் தெரியாமல் வாசலுக்கு முன்னால் முன்னும் பின்னுமாகப் பறந்தன.

"எங்க, தெறந்து காட்டுங்க" என்றது குமுதவல்லி. "வெளிய பாத்து ஏமாந்தது போதும்."

அக்கா மேல்பெட்டியை எடுத்து, உள்ளே அடுக்கடுக்காக இருந்த முட்டைகளைக் காட்டியது. வயிறு பெருத்த தாய் அதன் மேல் மெதுவாக ஊர்ந்துபோனது. குமுதவல்லி குனிந்து நன்றாகப் பார்த்தது. நிமிர்ந்து, தண்ணீர்ச் செம்போடு வந்த ஷாமினியையும் பார்த்தது.

"பொட்டியிலதான் முட்டை இல்லாம வந்துச்சு. கூட வந்ததாச்சும் ஒண்ணு பெத்துக் குடுக்கும்னு பாத்தா, அதுவும் அதே மாதிரி. இப்ப தாய பாத்தாவது புத்தி வரட்டும்."

மனுஷியா அது? வீட்டில் புருஷன் இருந்தால் அல்லவா பிள்ளை. அவன்தான் தெமியாங்கில் கிடக்கிறானே. என் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது, அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். அக்கா மூடியை மூடியது.

அவர்கள் உள்ளே போன பிறகு, பழைய பெட்டியைத் தூக்கி என் லோரியில் போட வந்தாள் ஷாமினி. மாமியார் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னதாம். இளைத்துப் போயிருந்தாள். மருந்துக்கடை வேலையையும் நிறுத்திவிட்டார்கள்.

"அம்மா, நானும் லோரில ஏறிக்கவா?"

அக்கா திடுக்கிட்டது. "என்னாடி பேசுற? இப்பதான் கட்டையவே கொண்டாந்து வச்சிருக்கோம். இனிமே ஒன்னும் சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்க சாமி."

"அவரு வந்து எத்தன மாசம் ஆச்சு தெரியுமா?"

"வருவாரு. ஆம்பளைங்க அப்படித்தான்..."

"நீ அன்னிக்கு மூடிய தெறந்து பாத்தியே, நானும் பாத்தேன்மா." ஷாமினி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுதான் செங்கல் வச்ச. சித்தி வந்து தெமியாங் கதைய சொன்னப்பவும் கேட்டுட்டு அப்படியேதான் மூடுன. எல்லாந் தெரிஞ்சுதானே என்னைய அனுப்புன?"

உள்ளே இருந்து குமுதவல்லி கூப்பிட்டது. ஷாமினி போய்விட்டாள். அக்கா லோரியில் ஏறிக் கதவைச் சாத்தியது. நான் சாவியைத் திருப்பாமல் அக்காவைப் பார்த்தேன். "போ தம்பி" என்றது. போனேன், வேறென்ன செய்ய?

தோட்டத்துக்கு வரும்போது மூன்று மணி தாண்டியிருந்தது. நேரே பின்புறம் போனோம். கட்டை இருந்த இரும்புக் காலைச் சுற்றிப் பூச்சிகள் கறுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தன. காலையில் மேயப் போனவை. காலில் பிசினோடு இரும்பில் உட்காரும், நடக்கும், மறுபடி கிளம்பி, குழல் இருந்த உயரத்தில் வெறும் காற்றில் வந்து நிற்கும். தகரத்துக்கு அடியில் ஒரு கொத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தது. அண்ணன் தூங்காமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"என்னாடா ரவி, காலைலேருந்து இப்படியே சுத்துதுங்க. பாக்க சகிக்கல... அது என்னா, பொட்டிய திருப்பிக் குடுத்துட்டாங்களா? குடு, குடு!"

பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, இரும்புக் காலின்மேல் வைத்து, பழைய குழல் இருந்த திசைக்கே துளையைத் திருப்பினார். ஒரு பூச்சி வந்து துளையில் உட்கார்ந்தது. உள்ளே போனது. இன்னொன்று போனது. கொஞ்ச நேரத்தில் தகரத்தடியில் ஒட்டியிருந்த கொத்தும் கலைந்து வரிசையாக இறங்கியது. பிசின் வைத்திருந்தவை துளையின் ஓரத்தில் அதை ஒட்ட ஆரம்பித்தன.

அண்ணன் கை தட்டினார். ஆமாம், தட்டினார்!

"பாத்தியா திலகா! நான்தான் சொன்னேன்ல? வாசல பாரு, என்னா போக்குவரத்து! அங்க ஒரு குடும்பம் குடுத்தோம், இங்க ஒரு குடும்பம் உண்டாயிருச்சு. கோயில் தலைவரு ஒரு பொட்டி கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குக் குடுத்துறலாம்."

அக்கா பூச்சிகளைப் பார்த்துக்கொண்டே நின்றது. லோரியிலிருந்து எடுத்து வந்த ரொட்டி சானாய்ப் பொட்டலத்தை அப்போதுதான் கீழே வைத்தது.

"யாருக்கும் குடுக்காதீங்க" என்றது. "உள்ள ஒண்ணும் இல்ல."

"நல்ல வார்த்தையே வராதா ஒன் வாயில?"

"ராணி இல்ல. முட்டை இல்ல. இதுங்க இருக்கிற வரைக்கும் வாசல கட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒண்ணொண்ணா செத்துப்போவும். போன தடவையும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மூடி வச்சேன்." என் பக்கம் திரும்பியது. "தம்பி, நாளைக்கு லோரி சும்மாதானே இருக்கு?"

"இருக்குக்கா."

"எதுக்கு?" அண்ணன் பதறினார். "கட்டைய திருப்பிக் கேக்கப் போறியா? ஊரே சிரிக்கும்டி!"

"கட்டை அங்கயே கெடக்கட்டும். எம் புள்ளய ஏத்திட்டு வரப் போறேன்."

"நாளைக்கு மார்கழி! வாழப் போன பொண்ண... நாலு பேரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

அக்கா பெட்டியின்மேல் வைப்பதற்காக அவர் எடுத்து வந்திருந்த செங்கல்லை அவர் கையிலிருந்து வாங்கி வேலியோரம் போட்டது.

"வாசல மட்டும் பாத்துக் குடுத்துட்டோம்னு சொல்லுங்க" என்றது.